ஒரே முள் கீறிய இரண்டு எருமைகள்

ஆசைப்பட்டு நான் கேமராவைக் கையில் எடுக்கவில்லை. பூவுக்கும் பூச்சிக்கும் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து கிட்டத்தில் படம் எடுக்கிறார்களே, அந்தப் பொறுமையெல்லாம் எனக்குக் கிடையவே கிடையாது. எடுத்தது கோபத்தில். செம்பூரில் இருக்கிற ஒருத்தியின் வாயை அடைக்க வேண்டும் என்ற ஒரே வெறியில்.

எங்களுக்குத் தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை. கீழே மூன்று மெஷின், ஒரு வெட்டுமேசை. இரும்பு ஏணியில் ஏறினால் மேலே வீடு. என் வீட்டுக்காரர் தோலை வெட்டுவார், தைப்பார், தைக்கிறவர்களை மேய்ப்பார். விற்கிற வேலை என்னுடையது. செம்பூர், மாட்டுங்கா பக்கத்துத் தமிழ்ப் பெண்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. அப்பளம், புடவை, ஊறுகாய், எல்லாம் அதில் போகும். எங்கள் பைகளும் போகும். எங்கள் ஆர்டரில் பாதி அந்தக் குழுவில் இருந்துதான் வந்துகொண்டிருந்தது.

அந்தக் குழுவில்தான் ஒரு நாள் காலை, பால் பொங்குகிற நேரத்தில், அவள் குரல் வந்தது. எங்களிடம் பை வாங்கியவள். தினமும் ஹார்பர் லைன் ரயிலில் ஆபீஸ் போகிறவள்.

"நம்ம தமிழ்க்காரான்னு நம்பி வாங்கினேன். ஆறு மாசம் ஆகலை, மேலே உரிஞ்சு உரிஞ்சு வரது. இது லெதரே இல்லை, ரெக்ஸின். தாராவில வாங்கினா இப்படித்தான் இருக்கும்னு எங்காத்துல அப்பவே சொன்னார். நான்தான் கேக்கலை."

பாலை இறக்க மறந்துவிட்டேன். ரெக்ஸின் என்று சொல்லியிருந்தால்கூட ஒரு மாதிரி பொறுத்திருப்பேன். தாராவியில் வாங்கினால் இப்படித்தானாம்! இவர்கள் மாலுக்குப் போய் வெளிநாட்டுப் பெயர் ஒட்டின பையை வாங்குவார்கள். அது எந்தச் சந்தில் தைத்தது என்று கேட்க மாட்டார்கள். அது இங்கேதான், எங்கள் பக்கத்துச் சந்தில்தான் தைத்ததாக இருக்கும். எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது.

கீழே இறங்கி வீட்டுக்காரரிடம் அதைப் போட்டுக் காட்டினேன். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"விடுட்டி. நூறு பேரு வாங்குனா ஒருத்தி பேசத்தான் செய்வா."

"அதெப்படி விட? நம்ம பையில உரிய என்ன இருக்கு? தோலை உரிக்க முடியுமா? நல்லா இருக்கே கதை!"

"நீ வாயக் குடுக்காத. சொல்லிட்டேன்."

வாயைக் கொடுக்காமல் இருக்கிற பெண்ணைக் கட்டியிருக்க வேண்டும் அவர்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. தாராவியில் தோல் விற்கிற பாதிப் பேருக்கு உள்ள வழக்கம்தான். வாடிக்கையாளர் யாராவது கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தால் போதும், சட்டைப் பையில் இருந்து லைட்டரை எடுத்துப் பையின் ஓரத்தில் தீயைக் காட்டுவார். பிளாஸ்டிக் என்றால் சுருண்டு உருகும். தோல் உருகாது, முடி கருகின நாற்றம் மட்டும் வரும். வந்தவர்கள் "ஐயோ, வேண்டாம்!" என்று பதறுவார்கள். அவர் சிரித்துக்கொண்டே, "மோந்து பாருங்க மேடம்" என்பார். அந்த ஒரு நிமிடத்தில் அவர் முகத்தில் வருகிற கர்வத்துக்காகவே எத்தனையோ சண்டைகளை நான் மறந்திருக்கிறேன்.

ஆனால் வாட்ஸப்பில் நாற்றம் போகாதே. படம்தான் போகும்.

போனிலேயே எடுத்துப் பார்த்தேன். தோலின் மேல் இருக்கிற துளைகள் தெரிய வேண்டும் என்றால் போனை இரண்டு விரல் தூரத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கொண்டுபோனால் போனின் நிழலே பையின் மேல் விழுந்தது. ஃப்ளாஷைப் போட்டால் நடுவில் வெள்ளையாக ஒரு திட்டு. அதில் நன்றாக வந்த ஒன்றைக் குழுவில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் ஒருத்தி, "ரெக்ஸின் மாதிரிதான் தெரியறது" என்று எழுதினாள். கூடவே ஒரு சிரிக்கிற முகம். அந்தச் சிரிக்கிற முகத்தை இன்று வரை நான் மன்னிக்கவில்லை.

என் கொழுந்தன் துபாய்க்குப் போகும்போது விட்டுப் போன கேமரா ஒன்று மேலே பரணில் கிடந்தது. அதை இறக்கித் துடைத்தேன். அதோடு இருந்த லென்ஸ் கல்யாண வீட்டில் கூட்டத்தை எடுக்கிற லென்ஸ். கிட்டத்தில் போனால் எல்லாம் கலங்கியது. சரி, வேற லென்ஸ்தானே, வாங்கிவிட்டால் போயிற்று என்று ஃபோர்ட்டில் கேமரா விற்கிற தெருவுக்குப் போனேன்.

கடைக்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஆன்ட்டி, மகனுக்கா?" என்று இந்தியில் கேட்டான். எனக்குத்தான் என்றேன். அதற்குப் பிறகு என்ன எடுக்கப் போகிறேன், எங்கே வைத்து எடுக்கப் போகிறேன், எதையும் அவன் கேட்கவில்லை. குட்டையாக ஒரு மேக்ரோ லென்ஸை எடுத்து வைத்தான். லென்ஸின் மூக்கைச் சுற்றி வளையல் போல மாட்டுகிற ஒரு விளக்கையும் எடுத்து வைத்தான். நகைக்கடைக்காரர்கள், பல் டாக்டர்கள் எல்லாம் இதைத்தான் வாங்குகிறார்களாம். நிழலே விழாதாம். கிட்டத்தில் எடுக்க ஆரம்பிக்கிறவர்களுக்கு இதைவிட நல்லது கிடையாதாம். நானும் மண்டையை ஆட்டி வாங்கிக்கொண்டு வந்தேன்.

நிழலே விழாது என்பது எவ்வளவு பெரிய கேடு என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. தோலின் துளை என்பது ஒரு பள்ளம். பள்ளத்தில் நிழல் விழுந்தால்தான் பள்ளம் என்று கண்ணுக்குத் தெரியும். வளைய விளக்கு நாலு பக்கமும் ஒரே மாதிரி அடித்ததில் துளையெல்லாம் நிரம்பிப் போய், எங்கள் அசல் எருமைத் தோல் பிளாஸ்டிக் தட்டு மாதிரி வழவழவென்று வந்தது. ரெக்ஸின் இல்லை என்று காட்டப் போய், ரெக்ஸின்தான் என்று நானே சாட்சி சொன்னது போல ஆயிற்று. விளக்கைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் இருந்து டார்ச் அடிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அந்தக் குட்டை லென்ஸ் பொருளுக்கு மூன்று விரல் தூரத்தில் போய் நின்றால்தான் பெரிதாக எடுக்கும். அந்த இடுக்கில் வெளிச்சம் எப்படி நுழையும்?

மறுநாளே ஃபோர்ட்டுக்குப் போய் அவனை ஒரு பிடி பிடித்தேன். எனக்குத் தெரிந்த இந்தி, மராத்தி எல்லாவற்றையும் கொட்டினேன். கடையில் நின்ற மற்ற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நான் பல்லு பிடுங்குதேனா? நகை விக்குதேனா? என்ன எடுக்கப் போறேன்னு ஒரு வார்த்தை கேட்டியா?" என்று கடைசியில் தமிழிலேயே கத்தினேன். புரிந்ததோ இல்லையோ, அலமாரிக்குப் பின்னால் இருந்து நூறு மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் ஒன்றை எடுத்துக்கொடுத்தான். யாரோ விற்றுவிட்டுப் போனது. கையால் திருகித்தான் ஃபோகஸ் வைக்க வேண்டும். வெளியே அங்கங்கே பெயின்ட் உதிர்ந்திருந்தது, கண்ணாடி சுத்தமாக இருந்தது. அதைக் கேமராவில் மாட்டிக் கடை மேசையில் என் பர்ஸை வைத்துப் பார்த்தேன். பர்ஸ் முக்கால் சாண் தள்ளியே இருந்தது. இருந்தும் துளை தெரிந்தது. நடுவில் என் கையை நுழைத்துப் பார்த்தேன், தாராளமாக நுழைந்தது. கை நுழைந்தால் வெளிச்சமும் நுழையும். குட்டையையும் வளையலையும் அவன் தலையில் கட்டிவிட்டு இதை எடுத்து வந்தேன்.

அதோடு தீர்ந்ததா என்றால் இல்லை. பட்டறையில் மெஷின் ஓடினால் மேசை நடுங்கும். சும்மா பார்த்தால் தெரியாத நடுக்கம்தான், ஆனால் அவ்வளவு கிட்டத்தில் பூகம்பம். லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினால்தான் தோலின் மேடு பள்ளம் இரண்டும் தெளிவாக விழும், சுருக்கினால் இருட்டிவிடும், இருட்டினால் கேமரா அதிக நேரம் கண்ணைத் திறந்து வைத்திருக்கும், அந்த நேரத்தில் மேசை ஆடினால் எல்லாம் போச்சு. அதனால் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போகிற நேரத்தில்தான் எடுக்க முடிந்தது. அப்போதும் பக்கத்துப் பட்டறையில் பக்கிள் அடிப்பார்கள். நான் வாசலில் நின்று, "பாய், பாஞ்ச் மினிட் பந்த் கரோ!" என்று ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லி அலறுவேன். முதல் நாள் முறைத்தார்கள். அப்புறம் என் தலையைப் பார்த்தாலே சுத்தியலைக் கீழே வைத்தார்கள்.

தையல் பார்க்க வைத்திருந்த டார்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்க வைத்தேன். வெளிச்சம் தோலின் மேல் தவழ்ந்து போக வேண்டும், மேலே இருந்து கொட்டக் கூடாது. அளவு எடுக்கிற பட்டர் பேப்பரை ஒரு மடிப்பு டார்ச்சுக்கு முன்னால் கட்டினேன், வெளிச்சம் குத்தாமல் இருக்க. இரண்டு மடிப்பு கட்டினால் துளை மறுபடி மறைந்துபோனது. ஃபோகஸ் வைக்க லென்ஸைத் திருகித் திருகி ஓய்ந்துபோய், கடைசியில் பையை ஒரு புத்தகத்தின் மேல் வைத்துப் புத்தகத்தை நூல் அளவு நகர்த்தக் கற்றுக்கொண்டேன்.

இத்தனையும் செய்த பிறகும் படத்தில் பளபளவென்று ஒரே கண்ணாடி. ஏன் என்று பார்த்தால், எங்கள் வீட்டுக்காரர்! ஒவ்வொரு தடவையும் நான் எடுப்பதற்கு முன்னால் பைக்கு கிரீம் பாலிஷ் போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறார். பட்டறையில் எந்த சாமானும் பாலிஷ் போடாமல் வெளியாள் கண்ணில் படக் கூடாது, அது அவர் கை வழக்கம்.

"படம் புடிக்கப் போற சாமான அழுக்காவா குடுப்பாவ?"

"துளையெல்லாம் அடைச்சு வச்சிருக்கிய! இதுக்கா மூணு நாளா நான் கெடந்து சாவுதேன்?"

திட்டிவிட்டு, பாலிஷ் படாத புதுப் பை ஒன்றை எடுத்து வைத்தேன். மத்தியானம். மெஷின் இல்லை, சுத்தியல் இல்லை. டைமரை வைத்துவிட்டு இரண்டு அடி தள்ளி நின்றேன்.

படம் விழுந்தது. இட்லியை விண்டு பார்த்தது போல ஒழுங்கில்லாத துளைகள். ஒன்று பெரிசு, ஒன்று சின்னது, மூன்று கூடி ஒரு இடத்தில், ஒன்றுமே இல்லாமல் ஒரு இடத்தில். குறுக்கே நீளமாக ஒரு கீறல். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் குனிந்து பார்த்தார்.

"இது முள்ளு கீறினது. எங்கயோ மேயப் போனப்ப கீறிருக்கும். அச்சுப் போட்ட சரக்குலயும் கீறல் வரும், ஆனா எடத்துக்கு எடம் அதே கீறல் திரும்பி வரும். அசல்ல வராது. ரெண்டு எருமைக்கு ஒரே எடத்துல ஒரே முள்ளு குத்துமா?"

அவர் வாயால் சொன்னது அது. அதைத்தான் நான் அப்படியே குழுவில் போட்டேன். படத்தைப் போட்டு, கூடவே என் குரலில், "ரெண்டு எருமைக்கு ஒரே எடத்துல ஒரே முள்ளு குத்துமா? கண்ணு இருக்கவங்க பாருங்க. தாராவின்னு சொன்னவங்க இதே குழுவுல மன்னிப்பு கேக்கணும்" என்று முழங்கினேன். கைதட்டல் படங்களாக வந்து விழுந்தன. சிரிக்கிற முகம் போட்டவள்கூடக் கைதட்டினாள்.

செம்பூர்க்காரி மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் கூரியரில் அவளுடைய பை வந்தது. அதே சமயத்தில் குழுவில் அவள் குரலும்: "புதுப் பையைப் படம் எடுத்துப் போட்டா எப்படி? நான் வாங்கின பையை அனுப்பியிருக்கேன். அதே கேமரால இதை எடுத்துப் போடுங்கோ. லெதர்னா எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

"வாடி வா!" என்று கத்தியே விட்டேன். ஏணியில் இரண்டு இரண்டு படியாக இறங்கினேன். "முதல்ல லைட்டரைக் காட்டுங்க. அதையும் வீடியோ எடுத்துப் போடுவோம்."

அவர் பையைத் தொடவில்லை. "லைட்டர்ல கேஸ் இல்ல" என்றார்.

அன்று காலையில்தான் அந்த லைட்டரால் சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தினார். நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. கோபத்தில் இருக்கிறவளுக்கு எதிரே இருப்பவள் மட்டும்தான் தெரிவாள், பக்கத்தில் இருப்பவன் தெரிய மாட்டான்.

"அவ ரூபாயத் திருப்பி அனுப்பிருவோம். படமெல்லாம் எடுக்காத" என்றார். அவளுக்கா? நானா? மத்தியானம் மெஷின் நின்றதும் எடுத்தேன். முன்பக்கத்தில் ஒரு இடம். துளைகள் தெரிந்தன. நாலு துளை ஒரு வரிசையில், அதற்குக் கீழே கொக்கி மாதிரி வளைந்த ஒரு கீறல். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பையைத் திருப்பிப் பின்பக்கத்தில் நூல் நூலாக நகர்த்திக்கொண்டே போனேன்.

நாலு துளை ஒரு வரிசையில். அதற்குக் கீழே கொக்கி மாதிரி வளைந்த ஒரு கீறல்.

கேமராவில் பழைய படம்தான் தெரிகிறதோ என்று அழித்துவிட்டு மறுபடி எடுத்தேன். மறுபடியும் அதே நாலு, அதே கொக்கி. வார்ப்பட்டையில் உரிந்திருந்த இடத்தில் டார்ச்சைச் சாய்த்தேன். வெங்காயத்தின் மேல்சருகு போல ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கிளம்பி நின்றது. கீழே சொரசொரவென்று இருந்தது.

அவர் எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தார்.

"ரெண்டு எருமைக்கு ஒரே முள்ளு குத்துமான்னு கேட்டியள்ல? பதில் சொல்லுங்க" என்றேன்.

"போன மழையில சரக்கு வரல. ஆர்டர் கையில நிக்கி. மேல்தோலு கெடைக்கல, அடித்தோலுதான் கெடைச்சுது. மேல பிளாஸ்டிக் ஒட்டி அச்சுப் போட்டது. அதுவும் எருமதாம்ட்டி. பொய் இல்ல."

"எத்தன பை?"

"இது ஒண்ணுதான்."

பட்டையில் உரிந்த இடத்தை அவர் பக்கம் திருப்பினேன்.

"ஆறு" என்றார்.

"மூணு வாரமா நாய் மாதிரி அலைஞ்சேன். ஊரு முழுக்கக் கத்தினேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ இம்புட்டுக் கிட்டக்கப் போயிப் பாப்பன்னு நான் நெனச்சனா?"

இருபது வருடம் கூட வாழ்ந்தவர் சொல்கிறார். எனக்குக் கையில் கிடைத்ததை எடுத்து வீசலாம் போல இருந்தது. கையில் இருந்தது லென்ஸ். வீசவில்லை.

அவர் குரலைத் தாழ்த்தினார். "முன்ன எடுத்த படம் இருக்குல்லா, அதுல வேற ஒண்ணப் போட்டிரு. இவ பைன்னு சொல்லிரு. யாருக்குத் தெரியப் போவுது?"

அதை நான் யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். இரண்டு நிமிடம் யோசித்தேன். போட்டால் அவள் மன்னிப்புக் கேட்பாள். தாராவி என்று இனி ஒருத்தி வாய் திறக்க மாட்டாள். ஆர்டர் குவியும். ஆனால் தாராவியில் வாங்கினால் இப்படித்தான் என்று அவள் சொன்னது அந்த நிமிடம் உண்மையாகிவிடும், அதை உண்மையாக்கினவள் நானாக இருப்பேன்.

முன்பக்கக் கீறலையும் பின்பக்கக் கீறலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குழுவில் போட்டேன். "இது அச்சு. நீங்க சொன்னது சரி. நான் கத்தினது தப்பு. எங்க பட்டறையில இருந்து இப்படி ஆறு பை போயிருக்கு. சந்தேகம் இருக்கவங்க அனுப்புங்க, எடுத்துப் பார்த்துச் சொல்லுதேன், மாத்தித் தாறேன்" என்று பேசிப் போட்டேன். குரல் நடுங்கவில்லை, அது எனக்கே ஆச்சரியம்.

பிறகு செம்பூர்க்காரி மட்டும் எழுதினாள்: "படம் ரொம்பத் தெளிவா இருக்கு."

அடுத்த மூன்று நாளில் பதினோரு பை வந்து சேர்ந்தது. ஒரு மத்தியானம் எல்லா மெஷினையும் நிறுத்தச் சொன்னேன். பக்கத்துப் பட்டறையில் நான் கேட்காமலே சுத்தியலை வைத்துவிட்டார்கள். டார்ச்சை வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன்.

"நீங்க புடிங்க. மேல இருந்து இல்ல. பக்கத்துல இருந்து."

பிடித்தார். ஒவ்வொரு பையாக முன்னும் பின்னும் எடுத்தேன். ஒன்று அசல். அடுத்தது அச்சு. இரண்டு அசல். இப்படியே போய், செம்பூர்க்காரியின் பையையும் சேர்த்து அச்சு ஆறு ஆகிவிட்டது, அவர் சொன்ன கணக்கு முடிந்தது. அடுத்த பையைப் புத்தகத்தின் மேல் வைத்தேன். தோலின் மேல் வெளிச்சம் ஆட ஆரம்பித்தது. கேமராவுக்குள் எதுவும் நிலையாக நிற்கவில்லை.

"எல்லா மெஷினும்தான் நிறுத்தியாச்சே," என்றேன். "பெறவு எதுக்கு ஆடுது?"

அவர் டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்தார். ஆட்டம் நிற்கும் வரை காத்திருந்து அந்தப் பையையும் எடுத்தேன்.